ஜெனீவாவும் புதுக்கடையும்

மனித உரிமை, ஜனநாயகம், உலக ஆளுகை ஆகிய மூன்றும் கொழும்பின் கருத்தரங்குகளில் இன்று பெரிதும் அடிபடும் சொற்களாகும். இவற்றைப் பேசுவோரை இரு அணியினராகப் பகுக்கலாம். ஓர் அணியினர் ஜெனீவா என்ற பெயரைக் கேட்டதும் இறைமைக்கு ஆபத்து எனக் கொதித்தெழுவர். மற்றையோர் ஜெனீவாவில் நிறைவேறும் தீர்மானங்களை எண்ணியே காலங் கழிப்பர். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் உடன்பட்டு நிற்கின்றனர்: உரிமை என்பது கடல் கடந்த ஓரிடத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது என்பதே அவ்வுடன்பாடு. அதனை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிராண்ட்பாஸை எடுத்துக்கொள்வோம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நெருங்கி வாழும் வடகொழும்பின் உழைக்கும் மக்கள் பகுதி அது. 2013 ஓகஸ்ட் 10ஆம் திகதி மாலை, அங்கு சுவர்ண சைத்திய வீதியிலிருந்த பள்ளிவாசலை ஒரு கும்பல் தாக்கியது. பலர் காயமுற்றனர், ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பின்னர் அமைச்சர்களும் மதப் பெரியோரும் கூடிப் பேசினர். புதிய பள்ளிவாசலைக் கைவிட்டுப் பழைய பள்ளிவாசலிலேயே தொழுகை நடத்துவதென முடிவாயிற்று.

இதற்கு இணக்கம் என்று பெயரிட்டனர். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மதச் சுதந்திரத்தை எவ்வித மட்டுப்பாடுமின்றி வழங்குகிறது. 14ஆம் உறுப்புரை கூடி வழிபடும் உரிமையை ஏற்கிறது. ஆயின், கல்லெறிந்தவரும் கல்லடிபட்டவரும் பிணக்குற்ற இரு தரப்பினராகக் கருதப்பட்ட அக்கணமே, உரிமை பேரம்பேசும் பண்டமாகிவிட்டது. உரிமையுடையவன் விட்டுக்கொடுத்தான்; வன்முறையாளன் வேண்டியதைப் பெற்றான். இதனைச் சமாதானம் என்று கொண்டாடியோர் அடுத்த தாக்குதலுக்கு விலை நிர்ணயம் செய்து கொடுத்தனர். 2014 ஜூனில் அளுத்கமவும் 2018 மார்ச்சில் திகனவும் எரிந்தன.

அதே ஓகஸ்ட் இறுதியில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் உயர் ஆணையாளர் நவநீதம் பிள்ளை இலங்கைக்கு வந்து சென்றார். நவம்பரிற் பொதுநலவாய அரசுத் தலைவர்கள் மாநாடு கொழும்பிற் கூடியது. சகிப்புத்தன்மை, மரியாதை, புரிந்துணர்வு ஆகியவற்றை வலியுறுத்தும் பொதுநலவாயப் பட்டயம் அவ்வாண்டு மார்ச்சிலேயே கையெழுத்தாகியிருந்தது. அப்பட்டயத்தின் காவலராக அடுத்த இரு ஆண்டுகளுக்குத் தலைமை ஏற்றது இலங்கையே. வீட்டில் விளக்கேற்ற எண்ணெய் இல்லாதவன் ஊர்த் தேருக்குத் தீவட்டி பிடித்த கதைதான் இது.

இறைமை பேசுவோரிடம் ஒரு கேள்வி. ஒருவன் எப்பொழுது ஜெனீவாவுக்குப் போகிறான்? உள்நாட்டுப் பரிகாரங்கள் அனைத்தையும் நாடி முடித்த பின்னரே சர்வதேசக் குழுக்களிடம் முறையிடலாம் என்பது உலகச் சட்டத்தின் பொதுவிதி. கிராண்ட்பாஸிலிருந்து புதுக்கடை நீதிமன்ற வளாகம் நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளது. புதுக்கடையின் கதவு அடைபட்டதனாலேயே ஜெனீவாவின் கதவு தட்டப்படுகிறது.

சிங்கராசா வழக்கு இதற்குச் சான்று. 1993இற் கைதான தமிழரான அவர், தமக்கு விளங்காத சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்திற் பெருவிரல் அடையாளம் இட்டார். அவ்வாக்குமூலத்தையே சான்றாகக் கொண்டு, 1995இற் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாயிற்று. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, அவருக்கு நேர்மையான விசாரணை மறுக்கப்பட்டதெனக் கண்டது. அதனைக் காட்டி அவர் மீண்டும் உயர் நீதிமன்றத்தை நாடினார். 2006 செப்டெம்பரில் அந்நீதிமன்றமோ, 1997இல் அரசு முறைப்பாட்டு உரிமையை ஏற்று இணைந்தமையே அரசியலமைப்புக்கு முரண் எனத் தீர்த்தது. உலகுக்கு ஒரு முகமும் தன் குடிமகனுக்கு வேறொரு முகமும் காட்டும் அரசின் இரட்டை நிலையை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் தீர்ப்பு வேறில்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பே இக்கதவுக்குத் தாழிட்டுள்ளது. அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் முன்னைய சட்டங்கள் செல்லுபடியாகும் என்கிறது 16ஆம் உறுப்புரை. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் கேள்விக்குள்ளாக்க முடியாது என்கிறது 80ஆம் உறுப்புரை. உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. வீடு எரிந்தவனுக்கு ஒரு மாதம் சாம்பல் அள்ளவே போதாது.

2007இற் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கைச் சட்டம் நிறைவேறியது. பகைமையைத் தூண்டுவோரைத் தண்டிக்க அதில் ஒரு பிரிவு உண்டு. சிறுபான்மையினரைக் காக்க வேண்டிய அப்பிரிவின் கீழ், 2019 ஏப்ரலில் ஒரு சிறுகதைக்காகச் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் கைதாகி மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். உரிமையின் பெயர் தாங்கிய சட்டமே எழுத்தாளனுக்கு விலங்காயிற்று.

கதவு திறந்தால் யாது நிகழும் என்பதற்கும் வடகொழும்பே சான்று. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உள்ளிட்ட இடங்கள் தாக்கப்பட்டன. அதனைத் தடுக்கத் தவறியமைக்காக, அடிப்படை உரிமை மனுக்களின் பேரில், முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. நாட்டின் அதியுயர் பதவியில் இருந்தவரையும் பொறுப்பாளியாக்கும் வலு உள்நாட்டு மன்றுக்கு உண்டு. உலகத் தீர்மானம் எதுவும் இதனைச் செய்து தந்ததில்லை.

இனி நம்மவரிடம் ஒரு சொல். தமிழ்ப் பல்கலைக்கழக மேடைகளில் 1983 கறுப்பு ஜூலை முறையாகவே நினைவுகூரப்படுகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் அதே மேடைகளில் எத்தனை முறை நினைவுகூரப்பட்டனர்? கிராண்ட்பாஸ் பள்ளிவாசலின் கல்லடி நம் மீதும் விழுந்தது என உணராதவன், ஜெனீவாவில் எத்துணை உரக்கப் பேசினும் உரிமையைப் பேசுபவனல்லன்; தன் இனத்தின் கணக்கைச் சமர்ப்பிப்பவனே ஆவான்.

ஆகவே பணி தெளிவானது. 16ஆம், 80ஆம் உறுப்புரைகளை மாற்றக் கோரும் குரல், தீர்மானங்களைக் கோரும் குரலினும் ஓங்க வேண்டும். ஒரு மாத எல்லை நீள வேண்டும். காவல் நிலையத்திற் குடிமகனின் வாக்குமூலம் அவனறிந்த மொழியிலேயே எழுதப்பட வேண்டும். சட்டம் பயிலும் மாணவரும் தமிழ் பயிலும் மாணவரும் ஒன்றிணைந்து, 126ஆம் உறுப்புரையின் கீழ் மனுச் செய்யும் வழியை எளிய தமிழில் எழுதி, கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வாசிகசாலைகள்தோறும் வைக்கலாம். அதற்கு எந்நாட்டு நிதியும் வேண்டியதில்லை. உலக ஆளுகை பற்றிய நூறு கருத்தரங்குகள் செய்யாததை அச்சிறு கைந்நூல் செய்யும். தன் உரிமைக்கு விலை பேசப்படும் அறையில், இது பேரப்பொருளன்று என எழுந்து சொல்லும் துணிவை ஒரு சாதாரண குடிமகனுக்கு அது கொடுக்கும்.