வீட்டில் இருந்தால் பிள்ளை வளர்ந்துவிடுமா?

பீடி சுற்றும் பெண்களின் பிள்ளைகளுக்கு அரசு செலவில் காப்பகம் வேண்டும் என்று கேட்டால், எதிர்ப்பவர்கள் ஒரே வாதத்தைத்தான் வைக்கிறார்கள். தாய் வீட்டில்தானே இருக்கிறாள், ஆச்சியும் இருக்கிறாள், மகளிர் உரிமைத் தொகை வேறு வருகிறது, இதற்குமேல் எதற்கு என்கிறார்கள். இப்படிப் பேசுகிறவர்கள் முக்கூடல், மேலப்பாளையம் போன்ற பீடி ஊரில் ஒரு திண்ணையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தவர்கள் அல்லர்.

அந்தத் தாயின் மடியில் தட்டு இருக்கிறது. தட்டில் தூளும், நனைத்து வெட்டிய இலையும், நூலும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான், மணிக்கணக்கில் அல்ல. தவழும் பிள்ளை கத்தரிப் பக்கம் வந்தால் கையை நிறுத்த வேண்டும், கை நின்றால் கூலியும் நின்றுபோகும். நிறுத்தாமல் சுற்றினால் பிள்ளை புகையிலைத் தூளுக்குள்ளேயே கிடந்து அதே காற்றை இழுக்கும். அவசரத்தில் சுற்றிய பீடியைக் கடையில் கழித்துவிடுவார்கள். இந்த நிலையைத் தாயின் அரவணைப்பு என்று எழுத எப்படி மனம் வருகிறது?

வீட்டில் செய்வது வேலையே இல்லை என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் வேர். சட்டம் அதை என்றைக்கோ தள்ளிவிட்டது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. வருங்கால வைப்பு நிதி அவர்களுக்கும் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1985இல் உறுதி செய்தது. ஆனால் அதே 1966 சட்டத்தில் குழந்தைக் காப்பகம் தொழிற்கூடத்துக்கு மட்டும்தான் இருந்தது, குடியிருக்கும் வீடு அதில் தொழிற்கூடம் ஆகவில்லை. இலையையும் தூளையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய முதலாளிக்கு இடமும் மிச்சம், விளக்கும் மிச்சம், காப்பகமும் மிச்சம். அத்தனை செலவும் அந்தத் தாயின் தலையில் விழுந்தது. அவளைப் பார்த்துத்தான் இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்.

ஆச்சி பார்த்துக்கொள்வாளாம். இந்த ஊர்களில் கண் தெரிகிற வரைக்கும் ஆச்சியும் தட்டோடுதான் உட்கார்ந்திருக்கிறாள். இல்லையென்றால் நடவுக்குப் போயிருப்பாள். கடைசியில் கைக்குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வது, பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய மூத்த பெண். அந்தச் சிறுமியின் படிப்பு இவர்களுடைய செலவுக் கணக்கில் எங்குமே வரவில்லை.

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். தமிழ்நாடு பெருமைப்படத்தக்க அமைப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு அங்கே கிடைப்பது வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு. பகல் முழுக்க விட்டுவிட்டு வரலாம் என்ற ஏற்பாடு இல்லை. 6 மாதம் முதல் 6 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்று மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் வந்தது. நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்க, காப்பகத்தோடு சேர்த்து நடத்துவதற்கு அது வைத்த இலக்கு 17,000.

உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியது. பிள்ளை இருக்கிறவளுக்கும் இல்லாதவளுக்கும் அது ஒன்றுதான். அதைப் பிள்ளை வளர்ப்புச் செலவில் எழுதுவது, அவளுக்குக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவது.

பிள்ளை பார்ப்பதற்கெல்லாம் அரசு பணம் தருமா என்று முகம் சுளிப்பவர்கள் 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தைப் புரட்டட்டும். குளம் வெட்டும் இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தாலே, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பிரிட்டனில் வேலைக்குப் போகும் குறைந்த வருமானப் பெற்றோருக்குக் காப்பகச் செலவில் 85 சதவீதம் வரை அரசு தருகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? மத்திய அரசின் பெண் ஊழியருக்குப் பிள்ளை வளர்க்கப் பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு உண்டு. அது நியாயமான உரிமை, யாரும் இலவசம் என்று ஏசுவதில்லை. ஏச்சு முழுவதும் தட்டோடு உட்கார்ந்திருப்பவளுக்கே வருகிறது.

கேட்பது பெரிய காரியமும் அல்ல. முக்கூடல், பாப்பாக்குடி, வீரவநல்லூர், மேலப்பாளையம் என்று பீடி ஊர்களில் இருக்கிற அங்கன்வாடிகளை மாலை 6 மணி வரை திறந்து வையுங்கள். ஆறு மாதக் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கென்று தனியாக ஒரு பெண்ணை முழுச் சம்பளத்தில் அமர்த்துங்கள், ஏற்கெனவே இருக்கிற பணியாளர் தலையில் கட்டாதீர்கள். இதுவும் வீண் செலவு என்பவர்கள், அந்த 730 நாளையும் ரத்து செய்யச் சொல்லி முதலில் எழுதட்டும்.