எண்ணாக எழுதப்பட்ட உடல்

பெரும்பாலான கணினி விளையாட்டுகளில் ஓர் உயிரினத்தின் உருவம் திரையில் காணும் படமாக மட்டுமே இருக்கும். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்னும் சகோதரர்கள் உருவாக்கி 2006-இல் முதன்முதலாக வெளியிட்ட டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் இதற்கு விலக்கு. அதன் கற்பனை உலகில் ஒவ்வோர் உயிரினத்தின் உடலும் கன சென்டிமீட்டரில் குறிக்கப்பட்ட ஓர் எண். முதிர்ந்த குள்ளருக்கு 60,000, மனிதருக்கு 70,000, யானைக்கு 50,00,000. டிராகன் 2,50,00,000 என்னும் முழு அளவை எட்ட 1000 ஆண்டுகள் வேண்டும்.

இவ்வெண் வெறும் அலங்காரம் அன்று. உறுப்புகள் ஒவ்வொன்றும் தமக்குரிய விகிதத்தில் இதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஓர் ஆயுதத்தை ஒரு கையால் ஏந்த முடியுமா, மனிதருக்குத் தைத்த உடை குள்ளருக்குப் பொருந்துமா, அறுத்த விலங்கிலிருந்து எவ்வளவு இறைச்சி கிடைக்கும் ஆகிய வினாக்களுக்கெல்லாம் விடை இந்த எண்ணிலிருந்தே பிறக்கிறது. ஒரே மாறியிலிருந்து இத்தனை விளைவுகள் கிளைப்பதால், அம்மாறியில் நேரும் பிழை ஓரிடத்தோடு நிற்பதில்லை.

மேய்ச்சல் இதற்குத் தக்க சான்று. புல்மேயும் விலங்குகளுக்குத் தீவனத் தேவை முதலில் புகுத்தப்பட்டபோது, புல் நிறைந்த வெளியில் நின்றபடியே யானைகள் பட்டினியால் மடிந்தன. உடலின் தேவைக்கு ஈடாக அவற்றால் விரைந்து மேய இயலவில்லை. பின்னர் வந்த பொது விதி, தீவனத் தேவையை உடல் அளவின் முக்கால் அடுக்கோடு இணைத்தது. உயிரியல் மாணவர்கள் இதை உடனே அடையாளம் காண்பர்: விலங்குகளின் வளர்சிதைமாற்ற வீதம் குறித்து மாக்ஸ் கிளைபர் 1932-இல் முன்வைத்த உறவு இதுவே. விளையாட்டில் பசுவின் அளவு 6,00,000. யானை அதைப் போல் எட்டு மடங்குக்கும் மேற்பட்டது. ஆயினும் அதன் தீவனத் தேவை ஏறத்தாழ ஐந்து மடங்கே.

ஆனால் இதே விளையாட்டு மற்றொரு விதியை முற்றிலும் ஒதுக்கிவிடுகிறது. உருவம் பெருகும்போது எடை நீளத்தின் மும்மடியாகவும் எலும்பின் குறுக்குப் பரப்பு இருமடியாகவும் வளரும் என்பதைக் கலீலியோ 1638-இல் எடுத்துரைத்தார். பிற்காலத்தில் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜே. பி. எஸ். ஹால்டேன், 1926-இல் எழுதிய கட்டுரையில் இதையே கதைகளில் வரும் அரக்கர்களுக்குப் பொருத்திக் காட்டினார். மனிதனைப் போல் பத்து மடங்கு உயரமுள்ளவனின் எடை ஆயிரம் மடங்கு. எலும்பின் பரப்போ நூறு மடங்குதான். அவன் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் தொடையெலும்பு முறியும். டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸில் மனிதனின் அளவை 7,00,00,000 என்று மாற்றி எழுதினாலும் அவன் தடையின்றி நடப்பான். தன் எடையைத் தானே தாங்க வேண்டும் என்னும் கட்டாயம் அங்கு எந்த உடலுக்கும் இல்லை.

இதைக் குறையென்று கூறி ஒதுக்குவது எளிது. எனினும் அது பொருத்தமான மதிப்பீடு ஆகாது. மும்மடி விதியைக் கறாராகப் பின்பற்றினால் அரக்கர்களும் டிராகன்களும் நடமாடும் உலகமே அமையாது. தீவன விதியை ஏற்றதும் எலும்பின் விதியை விட்டதும் ஆசிரியரின் தெரிவு. தெரிவு இல்லாத மாதிரி எங்கும் இல்லை. நோய்ப்பரவல் மாதிரியாயினும் பயிர் விளைச்சல் மாதிரியாயினும், சில விதிகள் உள்ளே இருக்கும். சில வெளியே நிற்கும்.

வேறுபாடு வெளிப்படைத்தன்மையில் இருக்கிறது. இவ்விளையாட்டின் உடல் அளவுகள் எவரும் திறந்து படிக்கக்கூடிய எளிய உரைக்கோப்புகளில் உள்ளன. குள்ளக் குழந்தை பிறக்கும்போது 3,000 என்று தொடங்கிப் பன்னிரண்டாம் வயதில் 60,000-ஐ எட்டுகிறது என்பதையும், குறித்த வயதுகளுக்கு இடையிலான வளர்ச்சி நேர்கோடாகவே கணிக்கப்படுகிறது என்பதையும் வாசகர் அறியலாம். உண்மையான குழந்தைகள் அவ்வாறு வளர்வதில்லை என்று மறுக்கலாம். எண்ணைத் திருத்தி விளைவைச் சோதித்தும் பார்க்கலாம். மாறிகளின் மதிப்புகளை மறைத்து முடிவுகளை மட்டும் முன்வைக்கும் ஆய்வுக் கட்டுரை இந்த உரிமையைத் தன் வாசகருக்கு மறுக்கிறது.

மாதிரியாக்கம் பயிலும் மாணவர்க்கு இவ்விளையாட்டை வகுப்பறையில் பரிந்துரைப்பதில் தயக்கம் தேவையில்லை. எந்த விதி ஏற்கப்பட்டது, எது விடப்பட்டது, அதனால் எந்த உயிர் பட்டினி கிடக்கிறது ஆகிய மூன்று வினாக்களை ஒரு கற்பனை யானையிடம் கேட்டுப் பழகியவர், மெய்யான மக்களைப் பற்றிய மாதிரியிடமும் அவற்றைக் கேட்கத் தயங்கமாட்டார்.