செல்போன் டாக்டர்: கிராம மக்கள் தயங்குவது ஏன்?

மத்திய சர்க்காரின் 'இ-சஞ்சீவனி' தொலைமருத்துவத் திட்டம் 2019 நவம்பரில் துவக்கப்பட்டது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், நோயாளி வீட்டிலிருந்தே டாக்டருடன் பேசும் வசதியும் சேர்க்கப்பட்டது. கட்டணம் கிடையாது. 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகள் நடந்ததாக சர்க்கார் அறிவித்தது. நல்ல காரியத்தை நாம் வரவேற்கிறோம்.

ஆனால், இதை ஏற்காமல் ஒதுங்கி நிற்கும் மக்களைப் பற்றி, "படிக்காத ஜனங்களுக்குப் புதுமை என்றால் பயம்" என்று பேசுவோர் இருக்கிறார்கள். இது உழைப்பாளி மக்களைக் கேவலப்படுத்தும் பேச்சு. மக்களிடம் இருப்பது பயமல்ல, கணக்கு.

நாற்று நடப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வாங்க தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றையக் கூலி போகிறது. பஸ் சார்ஜ் வேறு. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. இவ்வளவும் மிச்சமாகுமென்றால் அவர் வேண்டாமென்றா சொல்வார்?

பின் ஏன் தயக்கம்? செல்போன் மகன் கையில் இருக்கிறது; அவன் வேலைக்குப் போயிருக்கிறான். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள கிராமப்புறப் பெண்களில் தாமே உபயோகிக்கும் செல்போன் உள்ளவர் 100க்கு 47 பேர்தான். செல்போன் இருந்தாலும், அதற்கு வரும் ரகசிய எண்ணைப் படித்துப் பதிய வேண்டும். டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டும் செல்போனுக்கே வருகிறது. மாத்திரையோ தனியார் கடையில்! கட்டணமில்லாத ஆலோசனையால் கைக்காசு மிச்சமானதா?

இதே வசதி துணைச் சுகாதார நிலையத்தில் கிடைக்கும்போது நிலைமை மாறுகிறது. தெரிந்த நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ரத்த அழுத்தம் பார்த்து, டாக்டரிடம் விவரம் சொல்லி, மாத்திரையும் கையில் கொடுத்தால் மக்கள் தயங்காமல் வருகிறார்கள். இ-சஞ்சீவனி ஆலோசனைகளில் மிகப் பெரும்பகுதி, வீட்டுச் செல்போனில் அல்ல, இத்தகைய நிலையங்களின் வழியாகவே நடந்திருக்கிறது. காரணம் வேறென்ன?

இன்னொரு உண்மையும் உண்டு. நாட்டின் கிராமப்புற சமுதாய சுகாதார நிலையங்களில் 2022 மார்ச்சில் தேவைப்பட்ட நிபுணர்களில் ஏறத்தாழ 80 சதவிகிதம் பேர் இல்லை என்று சர்க்கார் புள்ளிவிவரமே சொன்னது. இந்தப் பள்ளத்தைத் திரையில் தோன்றும் டாக்டரைக் கொண்டு மூடப் பார்த்தால் மக்கள் எப்படி நம்புவார்கள்? பிரசவம் பார்க்கவும், பாம்புக்கடிக்கு ஊசி போடவும் செல்போனால் முடியுமா? அவசர நிலையில் நோயாளியை நேரில் டாக்டரிடம் செல்லும்படி சொல்ல வேண்டுமென்று 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ விதிமுறைகளே கூறுகின்றன. நேரில் போனால் அங்கே டாக்டர் இருக்க வேண்டாமா?

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான்: ஒவ்வொரு துணை நிலையத்திலும் நர்ஸும் மருந்தும் எப்போதும் இருக்க வேண்டும். நீண்டகால நோயாளிகளை முடிந்தவரை ஒரே டாக்டர் தொடர்ந்து கவனிக்க வேண்டும். காலியிடங்களை உடனே நிரப்ப வேண்டும். விளம்பரத்துக்குச் செலவிடும் அக்கறையை சர்க்கார் இதில் காட்டட்டும். மக்கள் தாமாகவே வருவார்கள்.

இந்தக் கோரிக்கைகளை ஒவ்வொரு ஊரின் கிராம சபையிலும் எழுப்புவோம்!