வகுப்பு வாசல் வரைக்கும்தான் பட்டாளம்



அமெரிக்க வரலாற்றில் பெரிய திருப்புமுனை எதுன்னு கேட்டா நம்ம வகுப்பில் எல்லாரும் லிங்கன் பேரைத்தான் சொல்றோம். அது தப்பில்லை. 1863-ல் அடிமைகள் விடுதலைப் பிரகடனம் வெளியிட்டார். 1865-ல் சட்டத் திருத்தம் வந்து அடிமை முறை ஒழிந்தது. ஆனா அதோட எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்கிறோமே, அதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். அதுக்கப்புறம் 90 வருஷம் கழிச்சும் தெற்கு மாநிலங்களில் கருப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம்தான். 1954-ல் உச்ச நீதிமன்றம் இது செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு வந்ததும் கதவு திறந்துடுச்சா? இல்லை.

1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் நகரத்து சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் 9 கருப்பினப் பிள்ளைகள் சேர வந்தாங்க. அதில் 6 பேர் பெண்கள். எல்லாருக்கும் சின்னவங்க கார்லோட்டா வால்ஸ், வயசு 14. என் வயசு!

மாநில ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் அவங்களை உள்ளே விடாம காவல் படையை நிறுத்தினார். (அங்கே ஆளுநர்னா ஓட்டு வாங்கி வர்றவர், நம்ம முதலமைச்சர் மாதிரி.) செப்டம்பர் 4 அன்று எல்லாரும் சேர்ந்து போகலாம்னு போனில் சொல்லி வச்சிருந்தாங்க. எலிசபெத் எக்ஃபோர்டு வீட்டில் போன் இல்லை. பாவம், 15 வயசுப் பொண்ணு, புது உடுப்பு போட்டுக்கிட்டுத் தனியா வந்துட்டாங்க. படைவீரர்கள் துப்பாக்கியோட மறிச்சாங்க. பின்னாடி ஒரு கூட்டமே கத்திக்கிட்டு வந்தது. ஓடாம நடந்தே போய் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சாப்பாடே இறங்கலை.

அப்போ ஜனாதிபதி ஐசனோவர். இரண்டாம் உலகப் போரில் பெரிய தளபதியா இருந்தவர். அந்த வருஷம் ஜூலையில்தான், இதுக்காகப் படை அனுப்புற நிலைமை வரும்னு நினைச்சுப் பார்க்கவே முடியலைன்னு சொல்லியிருந்தார். செப்டம்பர் 23-ல் பிள்ளைகள் பக்க வாசல் வழியா உள்ளே போனதும் வெளியே கலவரம். மதியத்துக்குள்ள அவங்களை வெளியே கூட்டிட்டுப் போக வேண்டியதாயிடுச்சு. மறுநாள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராணுவ வீரர்களை அனுப்பினார். 25-ஆம் தேதி 9 பேரும் முன்வாசல் வழியா நுழைஞ்சாங்க.

பள்ளிக்கூடத்துக்குப் பட்டாளம் எதுக்குன்னு என் பக்கத்து பெஞ்சுத் தோழி கேட்டா. துப்பாக்கி 4-ஆம் தேதியே வந்துடுச்சேடி, அது எலிசபெத்தை வெளியே நிறுத்த வந்ததுன்னு சொன்னேன். ஐசனோவர் செஞ்சது சரிதான். ஆனா மூணு வாரம் தாமதம். அந்த மூணு வாரத்தில்தான் எதிர்க்கிற கூட்டத்துக்குத் தைரியம் வந்ததுன்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு. வீரர்கள் வகுப்பு வாசல் வரைக்கும்தான் கூட வந்தாங்க. வகுப்புக்குள்ளேயும் கழிப்பறையிலும் இவங்க தனிதான். இடிக்கிறது, துப்புறது, உதைக்கிறது எல்லாம் நடந்திருக்கு. மின்னிஜீன் பிரவுனைக் கேன்டீனில் பையன்கள் மறிச்சப்போ கையிலிருந்த தட்டை அவங்க மேல கொட்டிட்டாங்க. கடைசியில் 1958 பிப்ரவரியில் பள்ளியை விட்டு அனுப்பப்பட்டது மின்னிஜீன்தான்! இதைப் படிச்சா உங்களுக்குக் கோபம் வரலையா?

அதனால ஜனாதிபதி ஒரு நாள் எடுத்த முடிவை மட்டும் திருப்புமுனைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. நாளைக்கும் போகணும்னு தினமும் ராத்திரி அந்தப் பிள்ளைகள் எடுத்த முடிவு அதைவிடக் கஷ்டம். அடுத்த கல்வியாண்டு முழுசும் ஃபாபஸ் நகரத்து உயர்நிலைப் பள்ளிகளையே மூட வச்சார். கார்லோட்டா திரும்பி வந்தாங்க. 1960 பிப்ரவரியில் அவங்க வீட்டில் குண்டு வெடிச்சது. அந்த வருஷமே அதே பள்ளியில் படிப்பை முடிச்சுச் சான்றிதழ் வாங்கினாங்க.

லிங்கன் கட்சிக்காரங்க யாராவது இருந்தா அடுத்த மாச இதழில் பதில் எழுதுங்க. சண்டைக்கு வர மாட்டேன்.