காகிதக் கோப்பையின் உள்தோல்



இவ்வாரத் தியானத்தை ஒரு வாளித் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

கடந்த மே மாதம் நம் விடுமுறை வேதாகமப் பள்ளியில், கடலில் சேரும் நெகிழிக் குப்பையைக் குறித்துப் பிள்ளைகளுக்கு விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. படம் காட்டிப் பேசுவதைவிடக் கையால் தொட்டுப் பார்க்கச் செய்வது நல்லது என்று எண்ணி, முதல் நாளன்றே ஒரு வாளித் தண்ணீரில் மூன்று பொருள்களை ஊறப்போட்டோம்: வாழையிலைத் துண்டு ஒன்று, கடைப் பை ஒன்று, காகிதக் கோப்பை ஒன்று. கோப்பையைப் போட்டவன் நான்தான். இலையைப்போலக் காகிதமும் கரைந்துபோகும், பை மட்டும் அப்படியே கிடக்கும், அந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் கண்ணாரக் காண்பார்கள் என்பது என் கணக்கு.

எட்டாம் நாள் வாளியைக் கவிழ்த்தோம். இலை நைந்து நாறியது. பை போட்டபடியே இருந்தது. கோப்பையின் காகிதமோ தேய்க்கத் தேய்க்கக் கூழாய் உதிர்ந்து, உள்ளிருந்து மெல்லிய, நிறமற்ற தோல் ஒன்று வெளிப்பட்டது. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதை விரல்களில் மாட்டிக்கொண்டு, "பாஸ்டர் ஐயா, நேத்து நாம ஜூஸ் குடிச்சது இதுலதானே?" என்று கேட்டாள்.

இதில்தான். அந்த நாள்களில் மட்டுமல்ல, அறுப்பின் பண்டிகையிலும், ஒவ்வொரு அன்பின் விருந்திலும், ஞாயிறு ஆராதனை முடிந்து தரப்படும் காபியிலும் இதுவேதான். அதை வாங்கி வரச் சொன்னவனும் நான். காகிதம்தானே என்று சொல்லிச் சொல்லி வாங்கினேன். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம். அந்தத் தடைப் பட்டியலில் உள்ள பதினான்கு வகைப் பொருள்களில் நெகிழி பூசிய காகிதக் கோப்பையும் ஒன்று என்பதை நான் படித்துப் பார்த்ததில்லை. கைப்பையைத் தடுத்துவிட்டார்கள், மஞ்சப்பையை மீட்டுவிட்டார்கள் என்பதோடு என் அறிவு நின்றிருந்தது.

பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்பதைப் பற்றிப் பெற்றோரோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். ஏனெனில் நம்மில் பலர் இதைத் தவறாகச் சொல்லித் தருகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதலாவது, கடலை எங்கோ தொலைவில் வைத்துப் பேசுகிறோம். பசிபிக் பெருங்கடலில் குப்பைத் தீவு இருக்கிறதாம், அதன்மேல் நடக்கலாமாம் என்று ஒரு பையன் வகுப்பில் சொன்னான். அப்படி நடக்கக்கூடிய தீவு எதுவும் இல்லை. 1997-இல் சார்லஸ் மூர் என்னும் படகோட்டி கவனப்படுத்திய அந்தக் கடற்பரப்பில், நீரோட்டங்கள் சுழன்று சேர்த்த துணுக்குகள் நீரில் சிதறி மிதக்கின்றன. பெரும்பாலானவை கண்ணுக்கு எளிதில் தென்படாதவை. எடைக்கணக்கில் பார்த்தால் பாதிக்குச் சற்றுக் குறைவானது மீன்வலை. "தீவு" என்றால் பிள்ளை அதை ஒரு கதையாக வைத்துக்கொள்கிறது. நம் வீட்டுப் பின்புற வாய்க்கால் அந்தக் கதையில் வருவதே இல்லை.

சுவாமிமலைப் பிள்ளைகளுக்கு ஆற்றைக் கொண்டே விளக்கலாம். நம் ஊர்ச் சிற்பிகள் மெழுகு உருவின்மேல் பூசுகிற வண்டல் மண்ணை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். நகக்கீற்றையும் பதிந்துகொள்ளுமளவு நுண்மையான மண் அது. குடகு மலையிலிருந்து புறப்படும் காவிரி அத்தகைய மண்ணைக் காலங்காலமாகச் சுமந்து வந்துதான் இந்த நெல்வயல்களை உண்டாக்கியது. மண்ணை இவ்வளவு தூரம் சுமந்த ஆற்றுக்குப் பிஸ்கட் உறை ஒரு பாரமா? இங்கிருந்து பூம்புகார் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர்தான். கோடையில் ஆறு வறண்டு கிடக்கும்போது நாம் எறிந்ததெல்லாம் மணலிலும் வாய்க்காலிலும் காத்திருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்ததும், அதன் முகப்பில் நுரையோடு சேர்ந்து புறப்படுகிறது. புதுத்தண்ணீர் வரும் நாளில் மதகடியில் நின்று பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாமே கடலுக்குப் போய்விடுகிறது என்றும் சொல்லிவிடக் கூடாது. மதகில் அடைத்துக்கொண்டதும், குறுவை நாற்றின் காலடியில் புதைந்ததும், படித்துறைப் படியிடுக்கில் சிக்கியதும் நம்மோடேயே தங்கிவிடுகின்றன. கடலுக்குப் போவது எஞ்சியதுதான். சில பெரிய நதிகளே கடலுக்கு நெகிழியைக் கொண்டு சேர்க்கின்றன என்று முன்பு கருதப்பட்டது. 2021-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு ஒன்று, ஆறுகள் கொண்டுசேர்ப்பதில் 80 விழுக்காட்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் பொறுப்பு என்றும், ஊர்களுக்கு நடுவே ஓடும் சிற்றாறுகளின் பங்கு பெரிது என்றும் காட்டியது. கும்பகோணத்தை ஒட்டி ஓடிக் காரைக்காலில் கடல் சேரும் நம் அரசலாற்றை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, அச்சமூட்டுகிறோம். ஆமையின் படத்தைக் காட்டிப் பிள்ளையை அழவைத்தால் பாடம் முடிந்தது என்று எண்ணுகிறோம். நம் நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் கரைகளுக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையைப் பற்றி உண்மையைச் சொன்னாலே போதும். கடலாமைகளுக்கு இழுதுமீன் உணவு. நீரில் மிதக்கும் பை அதைப்போலவே தோன்றும். தொண்டைக்குள் பின்னோக்கி வளைந்த முட்கள் இருப்பதால் விழுங்கியதைத் துப்புவது அதற்கு அரிது. ஆனால் 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இழுவை வலைகளில் சிக்கி மூச்சுத்திணறியதே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. எல்லாப் பழியையும் நெகிழிமேல் போட்டு ஒரு கதை கட்டினால், பிள்ளை வளர்ந்து உண்மை அறியும் நாளில் நாம் சொன்ன மற்றவற்றையும் சந்தேகிக்கும். விசுவாசத்தைக் கற்பிக்கிறவர்களுக்கு இது சிறிய ஆபத்து அல்ல.

நெகிழி ஏன் அழிவதில்லை என்று கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: அது மிக நீண்ட சங்கிலிகளால் ஆனது. இலையை உண்டு மண்ணாக்கும் நுண்ணுயிர்களால் அந்தச் சங்கிலியை எளிதில் அறுத்து உண்ண முடியாது. வெயில் அதை நொறுக்கும். நொறுங்கியது சிறிதாகிறதே ஒழிய இல்லாமற் போவதில்லை. 5 மில்லிமீட்டருக்கும் சிறியதை நுண்நெகிழி என்கிறார்கள். சில வேளைகளில் அது சிறியதாகவே பிறக்கிறது. நெகிழிப் பொருள் செய்யும் ஆலைகளுக்குப் போகும் மூலப்பொருள் பயறு அளவிலான மணிகள்தாம். 2021-இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றி மூழ்கியபோது ஏறத்தாழ 1,680 டன் அத்தகைய மணிகள் அதில் இருந்தன. இலங்கையின் மேற்குக் கரை பனி பெய்ததுபோல் வெளுத்தது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபின், அதே வகை மணிகள் நம் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின.

இலங்கைத் தமிழர் பாடநூல்களில் துகளுக்குத் 'துணிக்கை' என்று பெயர். அச்சொல்லை நாம் வேறோர் இடத்தில் அறிவோம். ஐயாயிரம் பேர் புல்தரையில் பந்தியிருந்து உண்டு திருப்தியடைந்த பின், ஆண்டவர் தம் சீஷரை மீதியைப் பொறுக்கச் சொன்னதாக யோவான் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. கூடைகள் நிரம்பியதை நான்கு சுவிசேஷகரும் எழுதுகிறார்கள். எதுவும் வீணாகக் கூடாது என்ற அந்தக் கட்டளையை யோவான் மட்டுமே எழுதுகிறார். நம் தமிழ் வேதாகமத்தில் அந்த மீதிக்கும் பெயர் துணிக்கைகள்தாம். முப்பது ஆண்டுகளாக அந்த அப்பங்களைப் பற்றிப் பிரசங்கித்திருக்கிறேன். விருந்து முடிந்த இடத்தைப் பெருக்கியதைப் பற்றி ஒருமுறையும் பிரசங்கித்ததில்லை. சீஷர்கள் அன்று குனிந்து பொறுக்கினார்கள் என்பதையும், பொறுக்கியவர்கள் சிறுவர்கள் அல்லர் என்பதையும் இப்போதுதான் கவனிக்கிறேன்.

என் வருத்தம் இதுவே. நாம் பிள்ளைகளைக்கொண்டு சுவரொட்டி வரையச் செய்கிறோம், உறுதிமொழி எடுக்கச் செய்கிறோம், ஆற்றங்கரையில் குப்பை பொறுக்கச் செய்து புகைப்படமும் எடுக்கிறோம். வாங்கும் பணம் அவர்களிடம் இல்லை. கோப்பையைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாம். விருந்து முடிந்து ஆலயத்தின் பின்புறம் குவித்துக் கொளுத்தியவர்களும் நாம். நச்சுப்புகை அண்டை வீட்டுக்குப் போயிற்று, மிச்சம் மழைநீரோடு வாய்க்காலுக்குப் போயிற்று. ஊர்த் திருவிழாக்களின் குப்பையை எண்ணிக் காட்டுகிற வழக்கம் நம் சபையாரிடம் உண்டு. நம்முடைய பண்டிகைக் குப்பையை எண்ணிவிட்டு அதைச் செய்யலாம்.

எனவே கமிட்டிக் கூட்டத்தில், பொருளறையில் கிடக்கும் எவர்சில்வர் டம்ளர்களை மீண்டும் எடுப்போம் என்றேன். பெண்கள் சங்கத்து மூத்த தாயார் ஒருவர் எழுந்து, "டம்ளர் வரட்டும் ஐயா. கழுவுறது யாருன்னு முதல்ல சொல்லுங்க" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. காகிதக் கோப்பை வந்தபோது நம் பெண்களுக்கு உண்மையாகவே ஒரு விடுதலை வந்தது. அதற்குமுன் ஒவ்வொரு பண்டிகையிலும் ஆண்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருக்க, அவர்கள் பின்கட்டில் குந்தி முந்நூறு டம்ளர் தேய்த்தார்கள். கடலைக் காக்கிறோம் என்று சொல்லி அந்தச் சுமையை அவர்கள் தலையில் திரும்ப ஏற்றினால் அது நீதியாகாது. ஆமைக்கு இரங்கி அக்காளுக்கு இரங்காதவன் எதைக் கற்பிப்பான்?

ஆகவே முடிவு இப்படியாயிற்று: டம்ளர் கழுவுவது ஆண்களின் வேலை. சனிக்கிழமை நானும் கோயிற்பிள்ளையும் பொருளறையைத் திறந்து எண்ணினோம். நூற்று நாற்பத்தாறு டம்ளர்கள் நல்ல நிலையில் இருக்கின்றன. பலவற்றில் அவற்றைக் காணிக்கையாகக் கொடுத்த உங்கள் பாட்டன் பாட்டிமாரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஞாயிறு காபிக்கு இவை போதும். அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் நூற்றைம்பது வேண்டும்; வீட்டில் பரணில் கிடப்பவற்றைத் தரலாம். கழுவுவோர் பட்டியல் ஆலய முகப்பில் ஒட்டப்பட்டிருக்கிறது. வாரத்துக்கு நால்வர். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு என் பெயரும் வேறிருவர் பெயரும் இருக்கின்றன. நான்காம் இடம் இதுவரை காலியாக உள்ளது.