எந்த ஃபிளாஞ்சைப் பிடித்திருக்கிறோம்?

திருவனந்தபுரத்தில் இரண்டு பருவமழைக்கும் ஒழுகும் மாடிகளின் மேல் டிரஸ் அடித்து ஷீட் போடுவது சாதாரணம். சதுரக் குழாயில் வேலை நடந்தவரை பக்கவாட்டு முறுக்கு நெளிவு தொல்லையாக இருக்கவில்லை. மூடிய குழாய் முறுக்கை நன்றாகவே தாங்கும். கார் ஷெட்டுக்கும் கடை முகப்புக்கும் மூன்று மீட்டர் கான்டிலீவராக நீட்டி, ஐ.எஸ்.எம்.பி. பீம் போடத் தொடங்கியதும் நிலைமை வேறு. கணக்கில் மட்டும் பயனுறு நீளம் இன்னும் நீட்டலின் நீளமான L தான். நாம் எண் தராவிட்டால் மென்பொருளும் அதையே எடுத்துக்கொள்கிறது.

ஐ.எஸ். 800:2007இன் அட்டவணை 16 அவ்வளவு இரக்கம் காட்டுவதில்லை. பின்பக்கம் தொடரும் பீம், தாங்குமிடத்தில் பக்கவாட்டிலும் முறுக்கிலும் பிடிக்கப்பட்டு, முனை சுதந்திரமாக இருந்தால் 1.0L. அதே பீமின் மேல் ஃபிளாஞ்சில், தன்னோடு சேர்ந்து நகரக்கூடிய, நிலைகுலைக்கும் வகைப் பாரம் உட்கார்ந்தால் 2.5L. அதே பாரத்தில், தாங்குமிடத்தில் மேல் ஃபிளாஞ்சை மட்டும் பிடித்து, முறுக்கைத் தடுக்காமல் விட்டால் 7.5L. ஐ.எஸ்.எம்.பி. 250இல் 3 மீட்டர் நீட்டலுக்கு மெலிவு விகிதம் 113, 283, 849 என்று ஏறுகிறது. தாங்குமிடத்தில் ஒரு ஜோடி ஸ்டிஃப்னரும் கீழ் ஃபிளாஞ்சுக்கு ஒரு பிடிமானமும் வைக்கும் செலவு, பெரிய பீம் வாங்குவதைவிடக் குறைவு.

முனையில் எதைப் பிடிப்பது? இரு முனையும் தாங்கப்பட்ட பீமில் அழுத்தம் பெறும் ஃபிளாஞ்சைப் பிடித்துப் பழகிய கை, கான்டிலீவரில் தவறிப்போகிறது. இங்கே முனையில் அதிகம் விலகுவது இழுவை பெறும் ஃபிளாஞ்ச். கீழ்நோக்கிய பாரத்தில் அது மேலே இருப்பதால் பர்லின்கள் ஓரளவு உதவும். ஆனாலும் மேலே பக்கவாட்டுப் பிடிமானம் மட்டும் இருந்தால் அட்டவணை 2.5L-ஐக் குறைப்பதில்லை. முனையில் முறுக்கையும் தடுத்தால்தான் 1.2L வரை இறங்கலாம்.

காற்று மேலே தூக்கும்போது எல்லாம் தலைகீழ். ஐ.எஸ். 875 பகுதி 3 இந்நகருக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். திருத்தக் காரணிகளை 1 என்று வைத்தாலே அழுத்தம் சதுர மீட்டருக்கு 0.91 கிலோநியூட்டன், ஷீட், பர்லின் எடை அதில் கால்பங்குகூட வராது. அப்போது இழுவை கீழ் ஃபிளாஞ்சுக்குப் போகிறது. அதைப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. மேலே பர்லின் இருக்கிறதே என்று இந்தப் பாரச் சேர்க்கைக்கும் பிடிமானம் கணக்கில் எழுதுவது ஏற்கத்தக்கதல்ல. பாரம் நிலைகுலைக்கும் வகை அல்ல என்ற சலுகையை எடுத்துக்கொள்ளலாம். முனையைச் சுதந்திரமானதாகவே கொள்ள வேண்டும், இல்லையேல் பர்லினிலிருந்து கீழ் ஃபிளாஞ்சுக்குச் சாய்வுக் கம்பி கொடுக்க வேண்டும்.

வாசகர்களிடம் கேட்பது இது: கான்டிலீவர் வரும் ஒவ்வொரு வரைபடத்திலும் தாங்குமிடத்துக்கும் முனைக்கும் பிடிமான விவரத்தை வரைந்து, எடுத்த பயனுறு நீளத்தை அருகிலேயே எழுதுங்கள். வெல்டர் அதைப் பார்த்துத்தான் கம்பியை வைப்பார்.