அங்கவையும் அரிதாரமும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரிலே, தென்பெண்ணையாற்றில் ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்பர். பறம்பு வீழ்ந்த பின், பாரி மகளிரை மலையமான் குடியிலே சேர்ப்பித்துவிட்டுப் புலவர் தீப்பாய்ந்த இடம் அதுவென்று மரபு கூறும். அம்மகளிர் அங்கவை, சங்கவை.

அந்தப் பெயர்களை 2007இல் “சிவாஜி” படத்திலே கேட்டோம். எதற்காக? கரிய நிறப் பெண்கள் இருவரைக் காட்டி, கதாநாயகன் மிரள, கொட்டகை கொல்லென்று சிரிப்பதற்காக! பாரியின் வீட்டுப் பெயரை வைத்துத்தானா பரிகாசம்? அதே படத்தில், நிறம் தடையென்று கேட்ட நாயகன் வெளுத்துவிடத் துடிக்கிறான். ஒரு பாட்டு முழுதும் வெள்ளையனாகவே ஆடுகிறான். வெள்ளைக்கார நடனமாது ஒருவரின் தோல் நிறத்தைக் கணினி வழியே எடுத்து அவன் மேனியிலே ஏற்றினார்கள். விஞ்ஞானம் எதற்கெல்லாம் பயன்படுகிறது, பாருங்கள்!

“வேடிக்கைதானே, இதற்கேன் வேதனை?” என்பர். அமெரிக்காவிலும் அப்படித்தான் பேசினர். 1915இல் “ஒரு தேசத்தின் பிறப்பு” படத்திலே வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பரைக் கொடியராய்க் காட்டினர். கறுப்பருக்கென ஆலிவுட் வார்த்து வைத்த அச்சுகளை, அடங்கிய ஊழியன், கோமாளி, தாதி, முரடன் என்று டொனால்ட் போகிள் 1973இல் அம்பலப்படுத்தினார். பெல் ஊக்ஸ் என்ற அம்மையார் 1992இல் மேலும் ஒருபடி சென்றார். திரை காட்டியதை ஏற்காமல் எதிர்த்து நோக்கும் கண் கறுப்புப் பெண்ணுக்கு உண்டு என்றார். அவர்களை வாட்டியது அடிமைச் சந்தை, நம்மை வாட்டுவது சாதி, வேறுபாடு அறிவோம். ஆனால் அந்தக் கண் நமக்கும் வேண்டாமா?

நல்லெண்ணத்தோடு எடுத்த படத்தையே பார்ப்போமே. 2021இல் வந்த “ஜெய் பீம்” இருளர் படும் கொடுமையை நாடறியச் செய்தது, போற்றுகிறோம். செங்கேணியாகக் கேரளத்து லிஜோமோள் ஜோஸ் உள்ளம் உருக நடித்தார், அவர்மீது குறையில்லை. ஆனால் அவர் மேனிக்குக் கருமை பூச வேண்டியிருந்ததே, ஏன்? கருமையோடு பிறந்த பெண்ணைத் தேடுவதைவிடச் சிவந்த மேனிக்கு மை தீட்டுவது எளிதாகிவிட்டது. கல்வராயன் மலைப் பழங்குடியினருக்கும் மலையாளி என்றுதான் பெயர். அந்த மலையாளிப் பெண்ணைத் தேடி எந்தப் பட முதலாளியின் கார் மலையேறிற்று?

கறுப்பைச் சட்டையாக அணிந்தோம், கொடியிலே ஏற்றினோம். கதாநாயகியின் கன்னத்தில் மட்டும் அது ஏறக்கூடாதாம்!

“மக்கள் ரசிக்கிறார்கள், நாங்கள் எடுக்கிறோம்” என்பர் முதலாளிகள். அவர்களிடம் பிறகு பேசுவோம். கரும்பு வெட்டிக் கருத்த மேனியோடு கள்ளக்குறிச்சிக் கொட்டகையில் அமர்ந்து, அங்கவையைக் கண்டு சிரித்த தோழனை முதலில் கேட்கிறோம்: உன் தங்கை என்ன நிறம், தம்பி?